பல் டாக்டரின் முதல் வெற்றி

எனக்கு முன்கோபம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அவ்வளவு சரியில்லை. எனக்கு முன்கோபம், பின்கோபம், இடையில் வருவது எல்லாமே உண்டு. கடையில் மட்டும் அடக்கிக்கொள்வேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டால் யார் என்னை நம்பி மூக்கை நீட்டுவார்கள்? அங்கே விழுங்கியதையெல்லாம் டென்னிஸ் பார்க்கும்போது கொட்டிவிடுவேன்.

டென்னிஸில் எனக்கு ஒரு தெய்வம் உண்டு. பெயரைச் சொன்னால் நீங்கள் உங்கள் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். ஆகவே வீட்டில் நாங்கள் வைத்த பெயரையே சொல்கிறேன்: மின்னல். சர்வ் போட்ட கையோடு நெட்டுக்கு ஓடிவந்து இரண்டே அடியில் கதையை முடிக்கிற ஆள். அவர் கொடி பறந்தது புல்தரையில். அதனால் எனக்கும் புல்தரைதான் உசத்தி. நான் புல்லில் ஆடியது கிடையாது. பிறர் ஆடி நேரில் பார்த்ததும் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் வளர்க்கிற புல்லை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் "புல்லுல ஆடாதவன்லாம் ஒரு ஆட்டக்காரனா?" என்று அடித்துப் பேசுவதில் எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை.

என் மகள் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்கும் பிடித்துப்போனது. பையனின் அப்பாவும் அம்மாவும் பேச வருவதாக ஏற்பாடாயிற்று. அவர்கள் வருவதற்கு முன் மகள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே நின்றாள்.

"அப்பா, அவங்கப்பா ரொம்ப சாது. சத்தமாப் பேசினாலே எழுந்து போயிடுவாராம். நீங்க டென்னிஸ் பேசக் கூடாது. பேச ஆரம்பிச்சா கத்துவீங்க. கத்தினா எல்லாம் போச்சு."

"நான் ஏன்டா பேசப் போறேன்? அவரு பல் டாக்டர். பல்லைப் பத்திப் பேசுறேன்" என்றேன்.

பல் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, 'கொஞ்சம்தான் வலிக்கும்' என்று சொல்கிற அதே குரலில் எல்லாவற்றையும் பேசினார். அவர் மனைவி அதற்கு நேர்மாறு. வந்த வேகத்தில் என் மனைவியோடு ஐக்கியமாகிவிட்டார். நான் பல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் கண்ணைப் பற்றிக் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, அவர் டீக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டும்வரை. வெயிலில் கறுத்த அந்தக் கையில் மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஒரு வெளுத்த பட்டை. வியர்வைப்பட்டை போட்டு வருஷக்கணக்கில் ஆடியவனுக்குத்தான் அது விழும். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர் எங்க ஆடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு களிமண் கோர்ட் இருக்குங்க. காலைல போவேன்."

"களிமண்ணா?" என்றேன். குரலில் இருந்த இளக்காரம் என் காதுக்கே கேட்டது.

"ஆமாங்க. நம்ம ஆளு அதுலதானே ராஜா" என்று அவர் ஒரு பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆளை எங்கள் வீட்டில் 'சுவர்' என்போம். எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவான். எதிராளி அலுத்துப்போய்த் தானே தப்பு செய்கிறவரை விடமாட்டான். என் மின்னலைக் களிமண்ணில், அரையிறுதியில், ஐந்து செட் புரட்டி எடுத்த பாவி. இவனைக் கும்பிடுகிற வீட்டிலா என் பெண் போய் வாழப்போகிறாள்?

"அந்த அரையிறுதி பாத்தீங்களா?" என்று பற்களுக்கு நடுவே கேட்டேன்.

"பாத்தேன்னு சொல்ல முடியாதுங்க. ஒருத்தருக்குப் பல் எடுக்க ஊசி போட்டுட்டு, மரத்துப் போகட்டும்னு வெளிய டிவிகிட்ட வந்தேன். நாலாவது செட்டு. அப்படியே நின்னுட்டேன். முடிஞ்சு உள்ள போனா, அவருக்கு மரத்துப் போனது மறுபடி தெளிஞ்சே போச்சு. இன்னொரு ஊசி போட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அதே செட் நடந்துகொண்டிருந்தபோது நான் ஒரு டீச்சரம்மாவின் வலது கண் லென்ஸை இடது பக்கத்திலும், இடது கண் லென்ஸை வலது பக்கத்திலும் மாட்டிக் கொடுத்தேன். அந்த அம்மாள் நேராக என் கடைக் கதவிலேயே போய் முட்டிக்கொண்டார். அதைச் சொன்னதும் டாக்டர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஒரே நாளில் ஒரே பாவத்தைச் செய்த இரண்டு பேருக்கு நடுவே விரோதம் எப்படி நிற்கும்? பிறகு நாங்கள் பேசியதை யாராலும் நிறுத்த முடியவில்லை. சிமென்ட் தரையில் பந்து எழும்புவது, களிமண்ணில் சறுக்கிக்கொண்டு போய் அடிப்பது, மழை நின்றதும் ஈரக் கோர்ட்டில் பந்து பஞ்சுமூட்டை ஆவது என்று எல்லாம் வந்தது. கல்யாணத் தேதி மட்டும் வரவில்லை.

"நீங்க போட்டியெல்லாம் ஆடியிருக்கீங்களா?" என்று அவர் கேட்டார்.

"வியாபாரிகள் சங்கப் போட்டியில அரையிறுதி வரைக்கும் போயிருக்கேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மொத்தமே நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருந்தோம் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்வானேன்?

"பெரிய விஷயம்ங்க. நான் இதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட ஜெயிச்சதில்ல" என்றார் டாக்டர்.

அவர் மனைவி உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தார். "அதையும் சொல்லுங்க! ஒரு தடவை எதிராளி வரலை. இவருதான் ஜெயிச்சாருன்னு எழுதப் போனாங்க. 'பாவம், வழியில ஏதாச்சும் நெரிசலா இருக்கும், கொஞ்ச நேரம் பாப்போமே'ன்னு இவரு சொன்னாரு. அவன் வந்தான். இவரு தோத்தாரு."

எல்லோரும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார். ஆனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தபடி, "மேட்ச் பாயிண்ட் வரைக்கும் வந்துடுவேங்க, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தா ஜெயிச்சிடலாம். அப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சிடும். பல்லு எடுக்கும்போது நடுங்காத கை" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பூங்காவின் சிமென்ட் கோர்ட்டில் நாங்கள் இருவரும் ஒரு செட் ஆடுவது என்று முடிவாயிற்று. அவர்கள் போனதும் மகள் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"அப்பா, தோத்துடுங்க."

"என்னது?"

"பாவம்பா அவரு. தோத்துடுங்க. அதைவிட முக்கியம், கத்தக் கூடாது. முறைக்கக் கூடாது. எது நடந்தாலும் சிரிச்ச முகமா இருக்கணும். எனக்காக."

பெற்ற பெண் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்கிறாள். சத்தியம் செய்துகொடுத்தேன்.

என் திட்டம் இது: முதலில் நன்றாக ஆடி நான் யார் என்று காட்டுவது, பிறகு பெரிய மனது பண்ணித் தோற்பது. இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. நான் தோற்கத் தொடங்குவதற்கு முன்பே தோற்றுக்கொண்டிருந்தேன். மனிதர் அசல் சுவர். நான் மின்னலாக நெட்டுக்குப் பாய்ந்தால் பந்து என் தலைக்கு மேலே போய் நிதானமாகப் பின்னால் இறங்கும். நான் திரும்பி ஓடுவேன். என் வயிறு கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் ஐந்து கேம், நான் ஒன்று. இன்னும் ஒரு கேம் போனால் செட் அவருக்கு.

அப்போது எனக்குள் ஒரு பிசாசு எழுந்தது. விட்டுக்கொடுத்துத் தோற்பது வேறு, நிஜமாகவே தோற்பது வேறு. சத்தியத்தில் பாதியை மறந்தேன். சிரித்த முகம் மட்டும் நினைவில் இருந்தது. ஆகவே உள்ளே எரிமலையும் வெளியே புன்னகையுமாக ஆடினேன். "நல்ல ஷாட் டாக்டர்!" என்று வாய் சொல்லும், மனம் சொன்னதை எழுத முடியாது. அவருக்கு வெற்றி நெருங்க நெருங்கக் கை நடுங்கியது. இரண்டு சர்வையும் வெளியே அடித்து டபுள் ஃபால்ட் போட்டார். ஐந்துக்கு ஐந்து என்று வந்துவிட்டேன். என் முழங்கால் இரண்டும் அழுதன. கடைசியில் அவர் ஏழு, நான் ஐந்து. மேட்ச் பாயிண்டில் எனக்கு வந்தது ஒரு சுலபமான வாலி, பந்து தரையில் படுவதற்கு முன்பே அடிக்கிற அடி, சின்னக் குழந்தைகூட அடிக்கும். அதை நெட்டில் அடித்தேன்.

டாக்டர் அசையாமல் நின்றார். ஜெயித்தவன் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தோற்றவன் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு நெட்டுக்கு வந்தார். நான் ஈ என்று இளித்துக்கொண்டு கைகொடுத்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், என் எரிச்சல்கூட ஒரு நிமிஷம் அடங்கியது.

அவர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்பா! எனக்காகத் தோத்தீங்களே, யாருப்பா இப்படிச் செய்வாங்க!"

அவள் தோளுக்குப் பின்னால், துண்டால் முகத்தைத் துடைத்தபடி டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன். ராக்கெட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

மறுநாள் மாப்பிள்ளைப் பையன் மகளிடம் போனில் சொன்னான். அப்பா ராக்கெட்டைப் பரண்மேல் போட்டுவிட்டாராம். கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்கிறாராம். "ஜெயிச்சேன்னு நம்ப வச்சு முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிற வீடு. நாளைக்கு எதை நம்புறது?" என்று கேட்டாராம். சாதுக்கள் கோபித்துக்கொண்டால் கத்துவதில்லை, கதவைச் சாத்திவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களின் கோபம் எவ்வளவோ தேவலை.

"நான் நெஜமாத்தான் தோத்தேன்!" என்று வீட்டில் கத்தினேன்.

"போதும்பா, உங்க பெருந்தன்மையாலதான் இவ்வளவும்" என்று மகள் அழுதாள். அவளிடம் எப்படிச் சொல்வது? என் பெருந்தன்மைக்கு அதில் துளியும் பங்கில்லை.

"ஏங்க, நெஜமாத் தோத்திருந்தா நீங்க ஒரு தடவையாச்சும் கத்தியிருக்க மாட்டீங்களா? டிவில யாரோ தோத்ததுக்கே ரிமோட்டை உடைச்சவராச்சே" என்றாள் என் மனைவி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்கு இந்தத் தண்டனை.

டாக்டர் என் போனை எடுக்கவில்லை. ஆகவே கிளினிக்கில் நோயாளியாகவே போய் நின்றேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, "ஆ காட்டுங்க சார்" என்றார். நான் பேச வாயைத் திறந்தேன். அவர் பஞ்சை வைத்தார். ஆசாமி என்னை மாதிரி வாயாடிகளை எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார் போல.

"நெ... ஆ... ஓ... ஏன்" என்றேன். நிஜமாகத்தான் தோற்றேன் என்று அர்த்தம்.

அவருக்குப் புரிந்திருக்கிறது. கருவியைத் தட்டில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "நெஜமாத் தோத்தவன் அப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கை குடுக்க மாட்டான் சார். எனக்கு அதுல ரொம்ப அனுபவம். தோத்ததெல்லாம்கூட எனக்கு வலிச்சதில்ல. இது வலிக்குது. உங்க கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்கு. ஊசி போடுறேன்."

போட்டார். பாதி வாய் மரத்துப்போன நிலையில்தான் நான் அவரைச் சவாலுக்கு அழைத்தேன். "உங்க களிமண்லயே வாங்க. தரை பொய் சொல்லாதில்ல?" என்றேன். எச்சில் ஒழுகியது. சவால் விடுகிறவனுக்கு அது அழகில்லைதான். ஆனாலும் அவர் வருகிறேன் என்றார்.

வெளியே வந்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் எனக்கு உறைத்தது. நான் ஜெயித்தால், அன்றைக்கு விட்டுக்கொடுத்தது உறுதியாகிவிடும். தோற்றால், மறுபடியும் பிச்சை போட்டேன் என்பார்கள். இருதலைக் கொள்ளி எறும்பாக ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அந்தச் செம்மண் நிறக் கோர்ட்டில் எல்லோரும் கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள். சும்மா இருங்கள் என்று அதற்குப் பொருள். டாக்டர் உயிரில்லாமல் ஆடினார். வந்த பந்தைத் திருப்பி அனுப்பினார், அவ்வளவுதான். நானும் எப்படி ஆடுவதென்று தெரியாமல் புன்னகையை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு ஆடினேன். மூன்றுக்கு மூன்று. அப்போது ஒரு பந்து வந்தது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அவர் என்னை ஓடவைத்து, மூச்சு வாய்க்கு வந்த நேரத்தில் உயரமாக ஒன்றைத் தூக்கிப் போட்டார். அது என் பின்கோட்டின் அருகே விழுந்தது.

"அவுட்!" என்றேன்.

எங்களைப் போன்றவர்கள் ஆடும் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தன் பக்கத்தில் விழுந்த பந்துக்குத் தானே தீர்ப்பு. டாக்டர் திரும்பிப் போகத்தான் காலெடுத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, நெட்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, களிமண்ணில் பந்து பதித்த தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"தடம் கோட்டைத் தொட்டிருக்கு சார்."

"எங்க தொட்டிருக்கு? இதோ பாருங்க தடம்! கோட்டுக்கு வெளிய!"

"அது உங்க ஷூ நுனி சார்."

நான் தரையில் மண்டிபோட்டேன். மூக்கு மண்ணைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தேன். அது என் ஷூ நுனிதான். அது தெரிந்ததும் எனக்குள் இத்தனை நாள் கட்டிவைத்திருந்த அணை உடைந்தது. நியாயம் நம் பக்கம் இல்லாதபோது வருகிற கோபத்துக்கு ஈடு எதுவும் கிடையாது.

"ஷூவாவது மண்ணாங்கட்டியாவது! பல்லைப் பாக்குற கண்ணு உங்களுக்கு! கோடு எங்க தெரியப்போகுது? நானும் பாக்கிறேன், பந்தை மேல மேல தூக்கிப் போட்டு மனுஷனைக் கொல்றீங்க! இது ஆட்டமா? அன்னைக்கும் இப்படித்தான்! ஒரு பந்தாவது ஒழுங்கா அடிச்சீங்களா?" ராக்கெட்டை வீசினேன். அது ஒரு குட்டிக்கரணம் போட்டு மண்ணில் படுத்தது.

"அப்பா!" என்று மகள் எழுந்தாள். என் மனைவி தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாரானாள்.

"நீங்கதான் சார் எனக்கு விட்டுக் குடுத்து..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"விட்டுக் குடுத்தேனா? யோவ், நான் எதுக்குய்யா உனக்கு விட்டுக் குடுக்கணும்? பெத்த பொண்ணையே குடுக்கிறேன், பாயிண்டையும் சேத்துக் குடுக்கணுமா? முட்டி தேயத் தேய ஓடினேன்யா அன்னைக்கு! அந்தக் கடைசி வாலி நெட்ல பட்டுச்சே, அப்ப எனக்கு உன்னை அப்படியே கடிச்சுத் துப்பிடலாம்னு இருந்துச்சு! பொண்ணுக்குச் சத்தியம் பண்ணிட்டேன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன்! ராத்திரி பூரா தூங்கல தெரியுமா? இவ்வளவு கேவலமா ஆடுற ஒரு ஆளுகிட்டப் போய்த் தோத்தோமேன்னு!"

ஆஸ்பத்திரி ஜன்னல்களில் இரண்டு மூன்று தலைகள் முளைத்தன. நான் மூச்சு வாங்கினேன். என்ன பேசினேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வருங்கால மாப்பிள்ளையின் அப்பாவை 'யோவ்' என்றிருக்கிறேன். கடிப்பேன் என்றிருக்கிறேன். போச்சு, என் பெண்ணின் வாழ்க்கையை என் வாயே தின்றுவிட்டது. அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மகள் பயந்த மாதிரி டாக்டர் கிளம்பிப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கலையா?" என்று கேட்டார்.

"எப்படிய்யா தூக்கம் வரும்?"

அவர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். தன் மனைவியிடம், எப்போதும் பேசுகிற அந்தத் தணிந்த குரலில் இல்லாமல், கோர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "கேட்டியா? அன்னைக்கு நான் ஜெயிச்சிருக்கேன். நெஜமாவே ஜெயிச்சிருக்கேன்!"

அந்த அம்மாள் கேலி எதுவும் செய்யவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் என் மகளைப் பார்த்தான். அவள் அழுகையும் சிரிப்புமாக அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு சந்தோஷத்தை என்னால் ஒருவருக்குக் கொடுக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை, அதுவும் திட்டி. ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க நான் என்ன சாதுவா?

"அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல இந்தப் பந்து அவுட்டுன்னு ஒத்துக்கங்க" என்றேன்.

அவர் என் ராக்கெட்டைக் குனிந்து எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தார்.

"உள்ளதான் விழுந்துச்சு, சம்பந்தி" என்றார். "பாயிண்ட் எனக்குத்தான்."